பால்மரத்தடியில் விஞ்ஞானம்

விஞ்ஞானப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்னும் வினாவுக்குக் கல்வி நூலார் நெடுங்காலமாகக் கூறிவரும் விடை ஒன்றுண்டு. மாணாக்கன் அறிந்ததிலிருந்து அறியாததற்கு அவனை அழைத்துச் செல்க என்பதே அது. எளிய விடைதான். ஆயினும், மாணாக்கன் முன்னரே அறிந்திருப்பது யாது என்பதனை ஆசிரியர் அறிந்தாலன்றி அவ்விடையால் பயனில்லை.

நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகராகிய சிரம்பானை ஒட்டியிருப்பது தெமியாங். இம்மாநிலத் தமிழரின் வரலாற்றில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டங்களின் வரலாறே. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, உளியும் வாளியுமாக நிரையில் நுழைந்து, உச்சி வெயிலுக்கு முன் பாலைக் கொட்டகைக்குக் கொண்டு சேர்த்த கைகளுக்குத் தெரிந்த செய்திகள் பல. மரத்தின் பட்டை, பாலின் கெட்டித்தன்மை, ஆசிட்டின் அளவு ஆகியவற்றை அவர்கள் ஏடு படிக்காமலே கற்றனர். அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இடைநிலைப் பள்ளியில் உயிர்நூல், இரசாயனம், பௌதிகம் என்னும் மூன்றையும் பயில்கின்றனர். வீட்டார் கையாலறிந்த இவ்வறிவுக்கும் பிள்ளைகள் ஏட்டில் படிக்கும் அறிவுக்கும் இடையே பாலம் உண்டா என்பதே இங்கு ஆராய வேண்டுவது.

இரண்டு மாற்றங்கள்

மலேசியத் தமிழ்ப் பள்ளிகள் தொடக்கப் பள்ளிகளே. ஆறாண்டு முடிந்ததும் மாணாக்கர் தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே விஞ்ஞானம் மலாய் மொழியில் கற்பிக்கப்படுகிறது. 2016ஆம் ஆண்டு தொடங்கிய இருமொழித் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் ஆங்கிலத்திலும் கற்பிக்கப்படுகிறது. முதல் மூன்று படிவங்களில் விஞ்ஞானம் ஒரே பாடம். நான்காம் படிவத்தில், விஞ்ஞானப் பிரிவை மேற்கொள்வோர்க்கு அது மூன்றாகப் பிரிந்து, கணக்கும் வாய்பாடும் கருத்துப் பொருள்களும் மிகுந்து வருகின்றது.

ஆக, பதின்மூன்று வயதில் மொழி மாறுகிறது; பதினாறு வயதில் பாடத்தின் தன்மை மாறுகிறது. முதல் மாற்றத்தில் கால் ஊன்றாத மாணாக்கன் இரண்டாவதில் வழுக்கி விழுகிறான். அவன் விழுந்ததைக் கண்டோர், "இவனுக்கு விஞ்ஞானம் வராது" என்கின்றனர். வராதது விஞ்ஞானமா, விஞ்ஞானத்தைச் சொல்லும் சொல்லா என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மலேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வுக்குரிய இரசாயனப் பாடத்தில் ரப்பர்ப் பால் உறைவதைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. பாலில் பார்மிக் அமிலம் விட்டால் அது ஏன் கட்டியாகிறது? அம்மோனியா விட்டால் ஏன் கட்டியாவதில்லை? பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைக்கு இவற்றினும் நெருங்கிய வினாக்கள் உலகில் இல்லை. ஆயினும் அப்பிள்ளை அவ்விடையை வேற்று நாட்டுச் செய்திபோல் மனப்பாடம் செய்து, தேர்வறையில் மறந்துவிடுவதும் உண்டு. வீட்டில் 'கட்டிப்பால்' என்று கேட்டதும், பாடநூலில் 'பெங்கும்பாலான்' என்று படித்ததும் ஒன்றே என அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

உயிர்நூல்: பட்டைக்குள் இருப்பது

பால்மரத்தின் பட்டையை உட்புறம் நோக்கிச் சீவிக்கொண்டே போனால் என்னென்ன தோன்றும்? முதலில் உயிரற்ற தக்கைப் படலம், அடுத்துக் கடினமான பட்டை, அதனுள் மென்பட்டை. பால்குழாய்கள் மிகுதியும் இம்மென்பட்டையிலேதான் உள்ளன. அதற்கும் உள்ளே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. அதனைக் கேம்பியம் என்பர். அது வெளிப்புறம் பட்டையையும் உட்புறம் கட்டையையும் ஈன்றுகொண்டே இருக்கும் வளர்படலம்.

உளி கேம்பியத்தைத் தொட்டால் மரம் காயப்படுகிறது; ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகி, மறுமுறை சீவ இயலாமற் போகிறது. தொடாமல் மிக மேலோட்டமாகச் சீவினாலோ உள்ளடுக்கிலுள்ள குழாய்கள் அறுபடாமல், பால் குறைகிறது. கேம்பியத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே விட்டுச் சீவுவது நல்ல கைக்கு அடையாளம். இந்த முறைக்கும் வரலாறு உண்டு. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், மரத்தைக் கோடரியால் கொத்தாமல், ஒரே வெட்டுவாயை மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பத் திறக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். சீவிய பட்டை மீண்டும் வளர்வதனால் ஒரே மரம் பல்லாண்டுகள் பால் தருவதாயிற்று.

வெட்டு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்கிறது? பால்குழாய்கள் நேர்செங்குத்தாக நிற்பதில்லை. கீழ் இடப்புறத்திலிருந்து மேல் வலப்புறமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. எதிர்ச்சாய்வில் வெட்டினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். விடியற்காலையில் ஏன் சீவ வேண்டும்? இரவில் இலைகள் நீரை மிகுதியாக இழப்பதில்லை. ஆதலின் உயிரணுக்கள் நீரால் விம்மி நிற்கின்றன. அப்போது பால்குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்குகின்றன, உள்ளழுத்தம் தணிகிறது, பால் ஓட்டமும் தணிகிறது. சவ்வூடு பரவல், நீராவிப்போக்கு என்று பாடநூலில் தனித்தனி அதிகாரங்களில் வருபவை இங்கே ஒரே மங்கில் சொட்டுகின்றன.

இன்னும் ஒன்று. ஆண்டின் தொடக்கத்தில் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது பால் குறைவதைத் தோட்டத்தில் அறியாதார் இல்லை. மரம் தான் ஆக்கிய உணவைப் புதுத் தளிருக்குச் செலவிடுகிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், ஒளிச்சேர்க்கைப் பாடத்திற்கு வாயில் திறந்துவிடும்.

இரசாயனம்: எறும்பும் ஆசிட்டும்

ரப்பர்ப் பால் என்பது நீரில் மிதக்கும் எண்ணற்ற நுண்துகள்களின் கலவை. ஒவ்வொரு துகளின் உள்ளேயும் ரப்பர். புறத்தே புரதம் முதலியவற்றால் ஆன மெல்லிய உறை. அவ்வுறை எதிர்மின்னூட்டம் உடையது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் ஆதலின், துகள்கள் நெருங்காமல் விலகியே நிற்கின்றன. பால் நீர்மமாக இருப்பதன் காரணம் இதுவே.

அமிலத்தை விட்டால் அதிலுள்ள நேர்மின்னூட்ட ஹைட்ரஜன் அயனிகள் உறையின் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்துவிடுகின்றன. தள்ளும் விசை நீங்கவே, துகள்கள் மோதிக்கொள்கின்றன; உறை கிழிகிறது; உள்ளிருக்கும் ரப்பர்ச் சங்கிலிகள் பின்னிப் பிணைந்து கட்டியாகின்றன. அமிலம் விடாமல் வைத்தாலும் சில மணி நேரத்தில் பால் தானே உறைவதும் இக்காரணத்தாலேயே; பாக்டீரியாக்கள் பாலில் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. இரவில் உறை ஊற்றிய பால் காலையில் தயிராவதை இதனோடு ஒப்பிட்டுக் காட்டலாம். அம்மோனியாவோ காரத்தன்மை உடையது. அது தரும் ஹைட்ராக்சைடு அயனிகள் அமிலத்தை நடுநிலையாக்கித் துகள்களின் மின்னூட்டத்தைக் காக்கின்றன. ஆகவே பால் உறையாமல் தொழிற்சாலை சேர்கிறது.

பார்மிக் அமிலம் என்னும் பெயரும் ஒரு பாடமே. இலத்தீன் மொழியில் 'பார்மிக்கா' என்றால் எறும்பு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில இயற்கை ஆய்வாளர் ஜான் ரே, எறும்புகளை வாலை வடித்து இவ்வமிலத்தைப் பெற்றார். மரக்கிளையில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு கடித்த இடத்தில் எரிச்சல் எடுப்பதைப் பட்டறிந்த பிள்ளைக்கு அமிலம் என்னும் சொல்லை விளக்க வேறு உவமை தேவையில்லை.

அமிலத்தால் உறைந்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கர் சார்லசு குட்இயர், அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி இக்குறையைப் போக்கினார். நீண்ட ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே கந்தக அணுக்கள் குறுக்குப் பாலங்களாக அமைவதே இதன் மருமம். ஐந்து கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஐசோப்பிரீன் என்னும் சிறு கண்ணி, ஆயிரக்கணக்கில் தொடுத்த சங்கிலியே ரப்பர். பலபடிச் சேர்மம் என்ற கடினமான அதிகாரத்திற்கு இதனினும் பொருந்திய தோற்றுவாய் ஏது?

பௌதிகம்: கூலியை அளந்த கருவி

பௌதிகம் தோட்டத்தில் கூலியோடு தொடர்புடையது. பால் முழுவதும் ரப்பர் அன்று. நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரையே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். பாலின் எடையை மட்டும் பார்த்துக் கூலி கணக்கிட்டால் நீர் கலந்தவர்க்கு மிகுதி; கலவாதவர்க்கு நட்டம். ஆதலின் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று காண வேண்டியதாயிற்று.

நூற்றுக்கு 35 பங்கு ரப்பர் உடைய பால் 20 கிலோ இருப்பதாகக் கொள்வோம். அதில் உலர் ரப்பர் 7 கிலோ. அதனோடு 5 கிலோ நீரைச் சேர்த்தால் எடை 25 கிலோ ஆகிறது; ஆனால் நூற்று விழுக்காடு 28ஆகக் குறைகிறது. 25இல் நூற்றுக்கு 28 பங்கு எவ்வளவு? அதே 7 கிலோ. கணக்கைப் போட்டுப் பார்க்கும் மாணாக்கன், நீர் கலந்து ரப்பரைப் பெருக்க இயலாது என்பதைக் காண்கிறான்; செறிவு என்றால் என்ன என்பதும் அவனுக்கு விளங்கிவிடுகிறது.

இச்செறிவை விரைந்து அறியக் கொட்டகையில் பயன்பட்ட மிதவைக் கருவியின் பெயர் மெட்ரோலாக். ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பால் அடர்த்தி குறைந்தும், நீர் மிகுந்த பால் அடர்த்தி கூடியும் இருக்கும். நீரால் நெகிழ்த்திய பாலில் கருவியை விட்டால், ரப்பர் மிகுந்ததில் ஆழ்ந்தும், குறைந்ததில் உயர்ந்தும் மிதக்கும். ஆர்க்கிமிடீசின் தத்துவம் என்று பாடநூல் கூறுவதே இது. 'மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான திரவத்தை விலக்கும்' என்னும் விதியை நூறு முறை ஒப்பிப்பதைவிட, அடியில் களிமண் உருட்டி ஒட்டிய உறிஞ்சு குழல் ஒன்றை நீரிலும் உப்பு நீரிலும் சமையல் எண்ணெயிலும் மிதக்கவிட்டு, மூன்று கோடு கிழிக்கச் செய்வது மேல்.

செலவில்லாத மற்றொரு சோதனையும் உண்டு. அகன்ற ரப்பர்ப் பட்டை ஒன்றைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சற்று ஆறவிட்டுப் பின் சுருங்கவிட்டால் குளிர்ச்சி தெரியும். கண்பார்வை இல்லாத ஆங்கில அறிஞர் ஜான் கஃப் இதனைக் கண்டு 1805இல் எழுதினார். ஆற்றல் ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாறும் என்பதை உதட்டால் உணர்ந்த மாணாக்கன் எளிதில் மறவான்.

சொல்லுக்குள் சொல்

இனி மொழிக்கு வருவோம். மாணாக்கன் தேர்வு எழுதுவது மலாயிலோ ஆங்கிலத்திலோ ஆதலால், தமிழில் விளக்குவது வீண் என்று சிலர் கருதுகின்றனர். சொற்களைச் சற்று உடைத்துப் பார்த்தால் அக்கருத்து நில்லாது.

மலாயில் 'கும்பால்' என்றால் கட்டி. அதிலிருந்து பிறந்ததே உறைதலைக் குறிக்கும் 'பெங்கும்பாலான்'. 'தெக்கான்' என்றால் அழுத்து. 'தெக்கானான்' என்றால் அழுத்தம். 'தும்பாட்' என்றால் இடைவெளியின்றிச் செறிந்தது. 'கெத்தும்பாத்தான்' என்றால் அடர்த்தி. தமிழில் அடர்ந்த காடு என்பதிலிருந்து அடர்த்தி பிறந்தவாறே மலாயிலும் அச்சொல் அன்றாட வழக்கிலிருந்து பிறந்துள்ளது. இரு மொழியும் ஒரே வழியில் நடந்திருப்பதைக் காட்டிவிட்டால், மாணாக்கனுக்கு மலாய்க் கலைச்சொல் தன் சொல்லின் உடன்பிறப்பாகத் தோன்றும்.

தமிழ் வழக்கு சில இடங்களில் தடையாதலும் உண்டு. அன்றாடப் பேச்சில் 'சக்தி' என்னும் ஒரு சொல்லே பலவற்றைக் குறிக்கும். பௌதிகத்திலோ விசை வேறு, ஆற்றல் வேறு, திறன் வேறு. மலாயில் அவை முறையே 'டாயா', 'தெனாகா', 'குவாசா' எனப்படும். காவுதடியில் இரு வாளிப் பாலைத் தோளில் தாங்கி அசையாமல் நிற்பவர் விசை செலுத்துகிறார், தோளும் வலிக்கிறது, ஆயினும் பௌதிகக் கணக்கில் வாளியின்மீது வேலை எதுவும் நடைபெறவில்லை. வாளியைத் தரையிலிருந்து தோளுக்கு உயர்த்தியபோதே வேலை நடந்தது. அதனை எவ்வளவு விரைவில் உயர்த்தினார் என்பது திறன். இவ்வேறுபாட்டைத் தாய்மொழியில் ஒருமுறை தெளிந்தவன் பிற மொழியில் மயங்கான்.

தமிழ் இப்பணிக்குப் புதியதும் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும், 1860களில் தமிழிலும் மருத்துவம் கற்பித்தார். அவர் வெளியிட்ட இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்', ஆண்டு 1875. 1916இல் சேலத்தில் தோன்றிய கழகம் ஒன்று தமிழ்க் கலைச்சொற்களுக்கென்றே இதழ் நடத்தியது. அம்முயற்சியில் இராசாசி பங்கு கொண்டார். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதியை வெளியிட்டது. 1954இல் தொடங்கி 1968இல் பத்துத் தொகுதிகளாக நிறைவெய்தியது தமிழ்க் கலைக்களஞ்சியம். கெமிஸ்தம் இரசாயனமாகி, இரசாயனம் இன்று வேதியியலாகியுள்ளது, பௌதிகம் இயற்பியலாகியுள்ளது. பெயர் மாறினும் பொருள் மாறவில்லை. பொருளைப் பற்றிக்கொண்டால் பெயரை மாற்றிக்கொள்வது அரிதன்று என்பதற்கு இவ்வரலாறே சான்று.

மலேசியாவிலும் மொழி பலமுறை மாறியிருக்கிறது. ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970 முதல் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 2003இல் கணிதமும் விஞ்ஞானமும், தமிழ்ப் பள்ளி உட்பட, ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. 2009இல் அம்முறையைக் கைவிட அரசு முடிவு செய்ய, அவை படிப்படியாக முன்னைய மொழிகளுக்குத் திரும்பின. கொள்கை மாறும்போதெல்லாம் ஒரு தலைமுறை மாணாக்கர் இடைவழியில் நின்றனர். ஆதலின், எம்மொழி வரினும் தளராத அடிப்படை ஒன்றைக் குழந்தைக்கு அமைத்துத் தருதல் ஆசிரியரின் கடமையாகிறது.

மரம் மறைந்த பின்

இன்று பல தோட்டங்களில் பால்மரம் இல்லையே என்று வினவலாம். உண்மைதான். செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. ஆனால் செம்பனையும் ஒரு பாடநூலே. 1981க்கு முன் மலேசியச் செம்பனைப் பூக்களுக்குத் தோட்டத் தொழிலாளர் கையால் மகரந்தம் தூவினர். அவ்வாண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த சிறு வண்டினம் அவ்வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது. மகரந்தச் சேர்க்கைக்கு இதனினும் சிறந்த கதை உண்டோ? பறித்த குலையை விரைந்து ஆலைக்கு அனுப்பி நீராவியில் வேகவைப்பதும் காரணத்தோடுதான். காலம் தாழ்த்தினால் பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்கிவிடும்.

ரப்பர்ப் பால் கிடைக்காத பள்ளியில் பசும்பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து காட்டலாம்; அங்கும் அமிலம் புரதத் துகள்களின் மின்னூட்டத்தை நீக்கியே பாலைத் திரிக்கிறது. பார்மிக் அமிலத்தைப் பயன்படுத்துவதாயின் நன்கு நெகிழ்த்தியே, ஆசிரியர் அருகிருக்கப் பயன்படுத்துதல் வேண்டும்; செறிந்த அமிலம் தோலைப் புண்ணாக்கும்.

முறை மூன்றே சொற்களில் அடங்கும்: முதலில் பொருள், அடுத்துப் பெயர், பின்பே வரையறை. பொருளைக் கண்டு தொட்டபின், மாணாக்கன் தன் குறிப்பேட்டில் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் அதன் பெயரை ஒரே வரியில் எழுதட்டும். ஆறாம் ஆண்டுத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் இக்குறிப்பேட்டைத் தொடங்கி வைக்கலாம். இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், கட்டுரைப் பயிற்சிக்கு 'ரப்பர்ப் பால் உறைதல்' போன்ற தலைப்புகளைத் தந்து அதனைத் தொடரலாம். வீட்டில் முன்னாள் பால்மரத் தொழிலாளர் இருப்பின், அவரிடம் கேட்டு எழுதி வரச் செய்யலாம். அப்போது நிகழ்வது கலைச்சொல் பயிற்சி மட்டுமன்று. எழுத்தறியாத பாட்டி, விடியலில் ஏன் சீவினோம் என்று பேரனுக்குச் சொல்வார். பேரன் அதன் காரணத்தைப் பாட்டிக்குச் சொல்வான்.

உழைத்த தலைமுறை கையால் அறிந்ததைப் படிக்கும் தலைமுறை அறிவால் அறிய வேண்டும். இரண்டிற்கும் இடையே நின்று, "நீ படிப்பது உன் வீட்டுச் செய்திதான்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வொருவர் பெரும்பாலும் தமிழாசிரியராகவே இருத்தல் கூடும்.